"ஏம்மா, இருக்கியா?"

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன் செய்தால் முதல் கேள்வி இதுதான்: "ஏம்மா, இருக்கியா?" இந்த ஆபீஸில் இன்னும் இருக்கிறேனா என்று கேட்கிறார். அவர் மேல் தப்பில்லை. மூன்று வருஷத்தில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் இன்னொரு ஆபீஸோடு சேர்ந்தது, மாடி மாறியது, சாஃப்ட்வேர் இரண்டு தடவை மாறியது. அவருடைய ஃபைலைப் பார்த்த பையன்கள் மட்டும் நாலு பேர்.

புது மேனேஜர் வந்ததும், கிளையன்ட் யாரும் நேராகப் போன் பண்ணக் கூடாது, ஆன்லைனில் டிக்கெட் போட வேண்டும், அதாவது கேள்வியைப் பதிவு பண்ண வேண்டும் என்றார். அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஊருக்காம்மா போறேன், டிக்கெட் போட?" என்றார். இப்போது அவர் பேசப் பேச நானே டிக்கெட் போட்டுவிடுகிறேன். மேனேஜருக்கு இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று நடந்தது. ஒரு மாதம் 20ஆம் தேதி, கடைசி நாள் சாயங்காலம், அண்ணாச்சியின் மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான 3பி ரிட்டனை முடித்து ஓடிபிக்காகக் காத்திருக்கிறேன். வரவே இல்லை. பார்த்தால், போர்ட்டலில் இருந்தது வேலையை விட்டுப் போன பையனின் நம்பர். அவன் போனை எடுத்தது மறுநாள் காலையில். ஒரு நாள் தாமதம். தாமதக் கட்டணம் 50 ரூபாய் அடுத்த மாத ரிட்டனில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவிடாத மனுஷன். "அம்பது ரூவா போகட்டும்மா, லேட்டுன்னு விழுந்துருச்சே" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல?

அந்த வாரமே உட்கார்ந்து எல்லாருடைய நம்பரையும் முதலாளிகளின் சொந்த நம்பராக மாற்றினேன். ஒரு கோடு போட்ட நீள நோட்டும் வாங்கினேன். யாருடைய போன் மகனிடம் இருக்கும், யார் மத்தியானம் தூங்குவார், யாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்க்கவே மாட்டார், எல்லாம் அதில் இருக்கிறது. இதெல்லாம் எந்தச் சாஃப்ட்வேரிலும் கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் கொடுக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 திங்கட்கிழமை ஜிஎஸ்டி விகிதம் மாறியது. முந்தின நாள் மகாளய அமாவாசை, ஞாயிறு. அன்றைக்குத்தான் நாங்கள் மாடி மாறிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் இன்னும் அட்டைப்பெட்டியில். போன் அடித்தது.

"ஏம்மா, இருக்கியா? சோப்பு 18 பெர்சென்ட் வரி கட்டி வாங்கிக் கெடக்கு. நாளையிலருந்து 5 போட்டு வித்தா மிச்சத்த யாரு குடுப்பா?"

ஆபீஸ் மாறுகிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. முன்பெல்லாம் சொல்லியும் இருக்கிறேன். எங்கள் மாடி எதுவானால் அவருக்கு என்ன, காலையில் கடை திறந்ததும் பில் போட வேண்டுமே. பெட்டி மேலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18லிருந்து 5. நெய், வெண்ணெய் 12லிருந்து 5. பள்ளி நோட்டுக்கு இனி வரியே கிடையாது.

"சோப்புக்குக் கட்டுனது உங்க கணக்குலயே கிரெடிட்டா நிக்கும் அண்ணாச்சி. மத்த சரக்கோட வரியில கழிச்சுக்கலாம்."

"நோட்டுக்கு?"

"நோட்டு வரி இல்லாத பொருளாயிடுச்சு. கையில இருக்க ஸ்டாக்குக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப நோட்டுக்குக் கட்டுனது போச்சு."

"போச்சு அண்ணாச்சி."

"சோப்புக்கு இருக்கு."

"இருக்கு."

"சரி. அத எழுதி அனுப்பு, பையன்கிட்டக் காட்டுறேன்." வைக்கப் போனவர் நிறுத்தி, "இந்த மாடியிலயாவது ரெண்டு வருசம் இருப்பீகளா?" என்றார்.

இருப்போம் என்றுதான் சொன்னேன். அட்டைப்பெட்டிகளை இன்னும் தூக்கிப் போடவில்லை.