மாமனாரும் காரோ-கானும்

என் மாமனாருக்குப் பெருந்தன்மை அதிகம். செஸ் பலகையை விரித்ததுமே, "நீங்க வெள்ளை எடுத்துக்கோங்க மாப்பிள்ளை" என்பார். போட்டிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தால், முதல் நகர்வின் தயவில் வெள்ளைக்கு நூற்றுக்கு 52 முதல் 56 புள்ளிகள் வரை கிடைக்கிறது. அந்தச் சராசரியைக் கீழே இழுக்கும் புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

நான் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4 வைப்பேன் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). அவர் சத்தமில்லாமல் சி6 வைப்பார். நான் டி4. அவர் டி5. கறுப்பு இப்படிப் பதில் சொல்லும் தொடக்க முறைக்குப் பெயர் காரோ-கான் தடுப்பு. 1886இல் ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவர் இதை அலசி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேறு உருப்படியான வேலை இருந்திருந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்திருக்கும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், கறுப்புக்குக் குறையென்று சொல்ல ஒன்றும் கிடைக்காது. முதலிலேயே இ6 வைக்கும் பிரெஞ்சு தடுப்பு ஆடுகிறவரிடம் சி8 பிஷப் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். அதைக் காட்டியாவது நாம் சந்தோஷப்படலாம். இங்கே அந்த பிஷப் முதலில் வெளியே போய்விடும், அப்புறம்தான் இ6 வரும். மாமாவும் நிஜ வாழ்க்கையில் அப்படித்தான். சாவி பையில் இருக்கிறதா என்று பார்க்காமல் கதவைச் சாத்தமாட்டார்.

முதலில், போத்வின்னிக்கிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த டாலை நம்பினேன். 1961 உலகப் பட்டப் போட்டியில் போத்வின்னிக்கின் காரோ-கானுக்கு எதிராக டால், மூன்றாவது நகர்வில் இ5 தள்ளி, கறுப்பின் பிஷப் எஃப்5க்கு வந்ததும் எச்4 வைத்தார். கறுப்பு அசட்டையாக இ6 ஆடினால், ஜி4, எஃப்3, எச்5 என்று சிப்பாய்களாலேயே அந்த பிஷப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்துவிடலாம். எனக்கு இரவெல்லாம் அந்த பிஷப் அகப்பட்டுத் தவிக்கும் காட்சிதான். மறுநாள் எச்4 வைத்தேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, எச்5 வைத்தார். என் திட்டம் அத்தோடு முடிந்தது. அந்தப் போட்டியில் டாலே 13க்கு 8 என்று தோற்றுப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதை அதற்கு அப்புறம்தான் படித்தேன்.

சரி, ஆளை வைத்துப் பிரயோஜனமில்லை, இயந்திரத்தைப் பிடிப்போம் என்று 1997க்குப் போனேன். டீப் ப்ளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை கடைசி ஆட்டத்தில் 19 நகர்வில் சுருட்டியதும் இதே காரோ-கானில்தான். இ6இல் குதிரையை பலி கொடுத்து உள்ளே புகுந்தது. ஆனால் அதற்குக் கறுப்பு ஏழாவது நகர்வில் எச்6 ஆட வேண்டும். காஸ்பரோவ் ஆடினார். மாமா ஆடவில்லை, பிஷப்பை டி6இல் வைத்தார். "ஏன் மாமா எச்6 ஆடல?" என்று கேட்டேவிட்டேன். "எதுக்கு மாப்பிள்ளை?" என்றார். உலக சாம்பியனுக்குத் தோன்றாத கேள்வி.

அதே வகையில் இன்னொரு பொறி இருக்கிறது. கறுப்பின் ஒரு குதிரை டி7க்கு வந்ததும், வெள்ளை ராணியை இ2இல் வைப்பது. பார்க்க அசட்டு நகர்வு. ஆனால் கறுப்பு வழக்கம்போல மற்றக் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால், நம் குதிரை டி6இல் குதித்து மேட்! இ7 சிப்பாயால் வெட்டமுடியாது, ராணியின் பார்வையில் கட்டுண்டு நிற்கும். ஆறே நகர்வு. ராணியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். மாமாவின் கை ஜி8 குதிரையின் தலைக்கு மேல் வந்தது. நின்றது. நான் மூச்சு விடவில்லை. கை அப்படியே நகர்ந்து, டி7 குதிரையைத் தூக்கி எஃப்6இல் வைத்தது. "உங்க முகம் ஏன் மாப்பிள்ளை இப்படி வேர்க்குது?" என்றார்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது இருப்பதிலேயே சுவாரசியமில்லாத வழிதான். மூன்றாவது நகர்விலேயே டி5இல் சிப்பாயை வெட்டி, அவர் திரும்ப வெட்டியதும் பிஷப்பை டி3இல் வைப்பது. 1970இல் பெல்கிரேடில் அமெரிக்காவின் ஃபிஷர் இதை ஆடித்தான் முன்னாள் உலக சாம்பியன் பெத்ரோசியானை வென்றார். காப்பதில் பெத்ரோசியான் என் மாமாவுக்கே தாத்தா. டி3 பிஷப் எஃப்5 கட்டத்தைப் பார்ப்பதால், மாமாவின் செல்ல பிஷப்புக்கு அந்த இடம் வசதிப்படாது. அப்புறம் சி3, பிஷப் எஃப்4, குதிரை எஃப்3, நேரம் பார்த்து அந்தக் குதிரை இ5. பொறியும் கிடையாது, பலியும் கிடையாது. ஆனால் அடுத்து என்ன ஆடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது புது அனுபவம்.

குதிரை இ5இல் போய் உட்கார்ந்ததும் மாமா முதல்முறையாகக் கண்ணாடியைத் துடைக்காமல் யோசித்தார். அவர் ராணிப் பக்கம் சிப்பாயைத் தள்ள, நான் ராஜா பக்கம் தள்ள, சண்டை நீண்டு, இருவரிடமும் காய்கள் தீர்ந்து டிரா. நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, "ஜெயிச்சிட்டீங்களா?" என்று மனைவி ஓடிவந்தாள். டிரா என்றதும் வந்த வேகத்திலேயே திரும்பிவிட்டாள்.

அந்தத் தைரியத்தில், "மாமா, ஒரு ஆட்டம் நீங்க வெள்ளை ஆடுங்களேன்" என்றேன். தயங்கித்தான் பலகையைத் திருப்பினார். இ4 வைத்தார். நான் சி6. டி4 வைத்தார். நான் டி5.

கன்னத்தில் கை வைத்துப் பலகையை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடி இரண்டு தடவை துடைக்கப்பட்டது.

"டிரா பண்ணிக்கலாமா மாப்பிள்ளை?"

ஒரு சிப்பாய்கூட இன்னும் வெட்டுப்பட்டிருக்கவில்லை.