புது டயர்

பைக்குக்குப் புது பின் டயர் மாட்டியாச்சு. ராமேஸ்வரம் ரோட்டில் உச்சிப்புளி தாண்டி ஒரு வளைவில் சாய்த்தபோதுதான் தெரிந்தது. இது வேற வண்டி மாதிரி.

பழைய பின் டயர் நடுவில் தட்டையாகியிருந்தது. நம்ம கடற்கரைச் சாலை பெரும்பாலும் நேர் ரோடு. நடுப்பகுதி மட்டும் தேயும், ஓரம் அப்படியே இருக்கும். அந்த டயரைச் சாய்த்தால் தட்டையின் விளிம்பில் ஒரு நொடி தயங்கி, பிறகு சட்டென்று விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் நமக்கு உறைப்பதே இல்லை.

புது டயரில் அந்தத் தயக்கம் இல்லை. உடம்பை லேசாகச் சாய்த்தாலே வண்டி கூடவே வருகிறது. அவ்வளவு சந்தோஷம்!

மாட்டிக்கொடுத்த அண்ணன் ரப்பரைத் தடவிக் காட்டினார். மெழுகு பூசியது போல வழுவழுப்பு.

"தம்பி, இந்த வழுவழுப்பு போற வரைக்கும் பாத்து ஓட்டுங்க. ஒரு நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் ஓடட்டும்."

வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3224 என்றால் 2024-இன் 32-வது வாரம் தயாரானது.

அப்புறம், தனுஷ்கோடி போகிறவர்களுக்கு: காற்று ரோட்டில் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும். மணல்மேல் புது டயரும் வழுக்கும். அங்கே சாய்க்காதீர்கள், முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள்.