நிலவைச் சுற்றிய வட்டம் எந்தக் கணக்கில்?

நம் காற்று மண்டலத்தில் தெரியும் ஒளிக்காட்சிகளின் படங்களை வானியல் படங்களோடு சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. 2021 டிசம்பர் 15 அன்று செவ்வாயில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கேமரா வானத்தைப் பார்த்தபோது, சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் பதிவானது. அங்குள்ள மேகங்களின் பனிப்படிகங்கள் உண்டாக்கிய, 22 டிகிரி ஆரமுள்ள ஒளிவட்டம். அந்தப் படத்தை வானியல் படங்களோடு வைக்க யாரும் தயங்க மாட்டார்கள். அதே அறுகோணப் படிகங்கள் அதே சூரியனைச் சுற்றி அதே வட்டத்தை நம் தலைக்கு மேல் போட்டால் மட்டும் "இது வானிலைப் படமாயிற்றே, இங்கே எதற்கு?" என்ற கேள்வி எழுகிறது. வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளியும் புயல்தான். வேறு கிரகத்துப் புயல் என்றால் வானியல், நம்முடையது என்றால் வானிலை என்ற பிரிவு எனக்கு ஒப்பவில்லை. அதற்காக மேகம் தெரியும் படத்தையெல்லாம் உள்ளே விடச் சொல்லவும் இல்லை. எங்காவது கோடு போட்டாக வேண்டும்.

உயரத்தை வைத்துக் கோடு போடலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. வளிமண்டலத்துக்குள் நடந்தால் வானிலை, வெளியே நடந்தால் வானியல். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முதல் நாளே உடைந்துவிடும். எரிநட்சத்திரங்கள் ஒளிர்வது ஏறத்தாழ 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது காற்றுக்குள்தான். துருவ ஒளியும் அப்படியே. பூரண சந்திர கிரகணத்தில் நிலவு செம்பு நிறம் கொள்வதும் பூமியின் காற்றினூடே வளைந்து போன ஒளியால். 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவு கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு கருத்துப்போனது. உயரக் கணக்கைக் கறாராகப் பிடித்தால் எரிநட்சத்திரப் படங்கள் முழுவதையும் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

வால்வெள்ளியையும் பால்வழியையும்கூட அரிஸ்டாட்டில் நிலவுக்குக் கீழே, காற்று மண்டலத்துச் சங்கதிகளாகத்தான் வைத்திருந்தார். 1577இன் வால்வெள்ளியை டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே கோணம் அளந்து பார்த்து, அது நிலவுக்கு அப்பால் இருப்பதாகக் காட்டினார். 1798இல் பிராண்டெஸ், பென்சன்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள் சில கிலோமீட்டர் இடைவெளியில் நின்று ஒரே எரிநட்சத்திரங்களைக் குறித்துக்கொண்டு அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். இரண்டு முறையும் வழக்கைத் தீர்த்தது கோண அளவுதான். என் அளவுகோலும் அதுவே: படத்தில் கோணம் அளக்க முடிய வேண்டும், அளந்தால் ஏதாவது புதிதாகத் தெரிய வேண்டும். அந்திச் செம்மேகத்தில் எதை அளந்தாலும் ஒன்றும் தெரியாது. ஒளிவட்டத்தில் தெரியும்.

ஒளிவட்டத்தையே விரிவாகப் பார்க்கலாம், சர்ச்சை அதிகம் வருவது அதில்தான். பனிப்படிகம் அறுகோணப் பட்டகம். ஒன்று விட்டு ஒன்றாக அமைந்த இரண்டு பக்கங்களுக்கு இடையே 60 டிகிரி. பனியின் ஒளிவிலகல் எண் 1.31. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ஒளி திரும்பும் மீச்சிறு கோணம் 21.8 டிகிரி. பக்கத்துக்கும் அடித்தட்டுக்கும் இடையே 90 டிகிரி, அதன் வழியே போனால் ஏறக்குறைய 46 டிகிரி. ஆகவே வட்டத்தின் உள்விளிம்பு எங்கே விழுகிறது என்று அளந்தாலே, ஒளி படிகத்தின் எந்த முகங்கள் வழியாகப் போனது என்று சொல்லிவிடலாம். தொடுவானத்திலிருந்து சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்பதும் இதில் பேசும். உச்சிவானத்தைச் சுற்றித் தலைகீழ் வானவில் போல வரும் வில், சூரியன் சுமார் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் வரும். தொடுவானத்துக்கு இணையாகக் கீழே நீளும் வில்லுக்குச் சூரியன் 58 டிகிரிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். சூரியனுக்கு இரு பக்கமும் தோன்றும் ஒளிப்புள்ளிகளான பக்கச்சூரியன்கள், சூரியன் தாழ்ந்திருக்கையில் வட்டத்தின் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும், சூரியன் ஏற ஏற வெளியே நகரும், சுமார் 60 டிகிரிக்கு மேல் மறைந்துவிடும்.

"அகல் வட்டம் பகல் மழை" என்ற பழமொழிக்காரர்கள் அகலத்தைக் கவனித்ததும் இங்கே பொருந்துகிறது. நிலவை ஒட்டி, சில டிகிரிகளுக்குள் வரும் சிறிய வளையம் வேறு வகை. அது நீர்த்துளிகளின் விளிம்பில் ஒளி வளைவதால் வருவது (விளிம்பு விலகல்). அதில் சிவப்பு வெளிப்பக்கம் இருக்கும், பெரிய ஒளிவட்டத்தில் சிவப்பு உள்பக்கம். படத்தின் குறிப்பில் எது என்று தவறாக எழுதியிருந்தால் நிறத்தை வைத்தே பிடித்துவிடலாம்.

எடுக்கும் முறை: முழு வட்டத்தின் விட்டம் 44 டிகிரி. முழுச்சட்டக் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் தரும் படத்தின் குறுகிய பக்கம் 53 டிகிரி, ஆகவே அடங்கும். சற்றுச் சிறிய உணரி கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 16 மில்லிமீட்டர் வேண்டும். போன்களின் முதன்மை கேமராவிலும் பெரும்பாலும் அடங்கிவிடும், ஓரத்தில் இடம்தான் அதிகம் இருக்காது. 46 டிகிரி வட்டம் முழுதும் வேண்டுமானால் மீன்கண் லென்ஸோ மிக அகன்ற கோண லென்ஸோ வேண்டும். பகலில் சூரியனை ஒரு கம்பத்துக்கோ கூரை முனைக்கோ பின்னால் மறைத்துவிட்டு, தானியங்கி அளவைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). கண்ணாடிவழிப் பார்வைத்துளை உள்ள கேமராவானால் அதில் கண்ணை வைக்கவே கூடாது, பின்திரையைப் பார்த்து எடுக்க வேண்டும். முழுநிலவு வட்டத்துக்கு ஐஎஸ்ஓ 800, துளை எஃப் 2.8, 4 முதல் 8 விநாடி. நிலவு வெள்ளையாக வெடித்துத்தான் தெரியும், விட்டுவிடுங்கள்.

பக்கச்சூரியன் என்று வரும் படங்களில் பலவும் லென்ஸுக்குள் எழும் போலிப் பிம்பங்கள். சோதிப்பது எளிது: கேமராவைக் கொஞ்சம் திருப்பி இன்னொரு படம் எடுத்தால், போலிப் பிம்பம் படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறமாக ஓடும். உண்மையானது சூரியனிலிருந்து அதே கோணத்தில் நிற்கும். ஒரே ஒரு படம் மட்டும் இருந்தால், சூரியனையும் சந்தேகப் புள்ளியையும் ஒரு கோட்டால் இணையுங்கள். கோடு படத்தின் நட்டநடுவே போனால் சந்தேகம் வலுக்கிறது.

மங்கலான வில்களுக்கு ஒரு வழி உண்டு. சில விநாடிக்கு ஒன்றாக ஐம்பது, நூறு படங்கள் எடுத்து, சூரியனை மையமாக வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் மேகத்தின் திட்டுகள் கரைந்து வில்கள் தங்கும். பிறகு நீல நிறத்தளத்திலிருந்து சிவப்புத் தளத்தைக் கழித்தால், சாம்பல் மேகம் காணாமல் போய் நிறமுள்ள வில் மட்டும் எழும். வால்வெள்ளிப் படக்காரர்கள் வால்வெள்ளியின் தலையை மையமாக வைத்து அடுக்குவதும் இதே வேலைதான். கோணம் அளக்க, அதே லென்ஸால் இரவில் ஒரு விண்மீன் படம் எடுத்து, அதிலிருந்து ஒரு பிக்சலுக்கு எத்தனை டிகிரி என்று கண்டுகொள்ளலாம். அகலக்கோண லென்ஸில் ஓரத்துக்கும் நடுவுக்கும் இந்த அளவு மாறும், ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் போட்டால் 22 என்பது 24 ஆகக்கூட வரலாம்.

வானவில்லுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். அதன் உச்சியின் உயரம் 42 டிகிரியில் சூரியனின் உயரத்தைக் கழித்தது. சமதளத்தில் நிற்பவருக்குச் சூரியன் 42க்கு மேல் இருந்தால் வானவில்லே கிடையாது. நம் ஊர்ப் படத்தின் குறிப்பில் நடுப்பகல் நேரம் எழுதி, படத்தில் முக்கால் அரைவட்டம் நின்றால், நேரமோ படமோ ஒன்று பொய். துருவப்படுத்தும் வடிகட்டியைத் தவறாகத் திருப்பினால் வில் பெருமளவு அழிந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள், வானவில்லின் ஒளி அவ்வளவு வலுவாகத் துருவப்பட்டது. இந்தத் துருவப்பாட்டை வெள்ளிக் கோளின் ஒளியில் அளந்துதான், 1974இல் ஹான்சன், ஹோவெனியர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதன் மேகத்துளிகள் சுமார் 1 மைக்ரோமீட்டர் ஆரமும் 1.44 ஒளிவிலகல் எண்ணும் கொண்டவை என்று காட்டினார்கள். கந்தக அமிலத்துக்குப் பொருந்தும் எண் அது. வானவில் வானியல் ஆகுமா என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரவொளிர் மேகங்களும் எளிதில் தேறும். சுமார் 83 கிலோமீட்டர் உயரம். எரிநட்சத்திரத் தூசியில் பனி படிந்து உருவாகுபவை. கோடையில் 50 முதல் 65 டிகிரி வரையிலான அட்சரேகைகளில், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 முதல் 16 டிகிரியில் இருக்கும்போது தெரியும். அந்த நேரத்தில் சாதாரண மேகம் வானத்தைவிடக் கருப்பாக இருக்கும், இவை வெளிறி ஒளிரும். ஐஎஸ்ஓ 400, எஃப் 4, 2 முதல் 6 விநாடி போதும், அதைத் தாண்டினால் நுண்ணலைகள் கலங்கிவிடும். ஜெர்மன் வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸே 19ஆம் நூற்றாண்டிலேயே வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுத்த படங்களைக் கொண்டு உயரத்தை 82 கிலோமீட்டர் என்று கண்டார்.

இரவு வானமே தானாக மங்கலாக ஒளிரும் வானொளிர்வில்தான் படம் எடுப்பவர்களே தவறு செய்கிறார்கள். சுமார் 95 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் பச்சையாகவும், 250 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் 630 நானோமீட்டரில் சிவப்பாகவும் ஒளிர்கின்றன. இருண்ட இடத்தில் 20 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2, ஐஎஸ்ஓ 3200, 20 விநாடி வைத்தால் தொடுவானத்துக்கு மேலே 10, 20 டிகிரியில் பச்சைப் பட்டைகள் விழும். பார்வைக்கோடு அந்த அடுக்கைச் சாய்வாகக் கடப்பதால் அங்கே அடர்த்தி கூடும். பலர் அதைக் குறை என்று நினைத்துப் பச்சை இரைச்சல் நீக்கியைப் போட்டு, பின்னணியின் வெளிச்சச் சாய்வையும் சமப்படுத்தி, பட்டைகளை முழுக்கத் துடைத்துவிடுகிறார்கள். கூடவே இராசிவட்ட ஒளியும் போய்விடுகிறது, அது சூரியக் குடும்பத்துத் தூசியின் ஒளி, சந்தேகமே இல்லாத வானியல். சாய்வு நீக்குவதற்கு முன் கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பை ஒருமுறை 4000 கெல்வின் வெண்சமநிலையில் திறந்து, அரைமணி நேரப் படங்களை ஓட்டிப் பாருங்கள். பட்டைகள் நகர்ந்தும் விண்மீன்கள் மங்காமலும் இருந்தால் வானொளிர்வு. விண்மீன்கள் மங்கினால் மெல்லிய மேகம். ஒரே திசையில் அசையாமல் நின்றால் ஊர் விளக்கு.

மின்னல் வெளியே. எவ்வளவு அழகாக இருந்தாலும். ஆனால் இடிமேகத்துக்கு மேலே 50 முதல் 90 கிலோமீட்டரில் சில மில்லிவிநாடி தோன்றும் செந்நிறச் சுடர்கள் உள்ளே. அவை 1989இல்தான் முதன்முதலாகப் படத்தில் சிக்கின. 300 கிலோமீட்டர் தொலைவுப் புயலுக்கு மேலே 75 கிலோமீட்டரில் சுடர் தோன்றினால், பூமியின் வளைவு 7 கிலோமீட்டரை விழுங்கியது போக, அது சுமார் 13 டிகிரி உயரத்தில் தெரியும். பின்னணி விண்மீன்களிலிருந்து உயரக்கோணம் கிடைக்கும், புயலின் தொலைவு தெரிந்தால் சுடரின் உயரமும் கிடைக்கும். விண்மீன் ஒன்றுகூட இல்லாமல் நெருக்கி வெட்டிய படத்தில் இது எதுவும் முடியாது, அதை வானிலைப் பக்கமே அனுப்பலாம்.

கிரகப் படக்காரர்கள் இந்தப் பேச்சில் சற்று மேட்டிமையாக ஒதுங்குவதுண்டு. 30 டிகிரி உயரத்தில் இருக்கும் கிரகத்தின் நீல ஒளியும் சிவப்பு ஒளியும், கடல்மட்டக் காற்றில், 400 நானோமீட்டருக்கும் 700 நானோமீட்டருக்கும் இடையே சுமார் இரண்டரை வில்விநாடி (ஒரு வில்விநாடி டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) விலகி விழுகின்றன. யுரேனஸின் குறுக்களவே நான்கு வில்விநாடிக்குள்தான். அதைச் சரிசெய்ய ஒரு பட்டகச் சாதனம் மாட்டிக்கொள்ளும் நாம், அதே காற்று நேராகக் காட்டும் நிறங்களை மட்டும் அந்நியம் என்பானேன்?

ஆகவே படத்தோடு நான் கேட்பது: உலகப் பொது நேரம் நிமிடம் வரை, அட்சரேகை தீர்க்கரேகை ஒரு தசம இடம் வரை, பார்த்த திசை, லென்ஸின் குவியத்தூரம், வெட்டியிருந்தால் அந்தத் தகவல். கேமராவின் கடிகாரம் பல நிமிடம் பிசகியிருக்கும், எடுக்கும் முன் போனோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். இவை இருந்தால் சூரியனின் உயரத்தை யாரும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். நிலவு வட்டத்தின் நடுவே வேறு நேரத்தில் எடுத்த தெளிவான நிலவை ஒட்டியிருந்தால் அதைச் சொல்லிவிட்டால் போதும், ஏற்கலாம். தொலைவுக் குவியத்தில் எடுத்த நிலவை ஊதி ஒட்டியிருந்தால் ஏற்க முடியாது. நிலவின் விட்டம் அரை டிகிரி, வட்டத்தின் விட்டத்தில் ஏறக்குறைய 88இல் ஒரு பங்குதான் இருக்க வேண்டும்.