எக்ஸாம் ஹால்ல ஒரு கேரட்

எக்ஸாம் ஆரம்பிச்சு முக்கா மணி நேரம் ஆகியிருக்கும், பக்கத்து சீட்ல இருந்து கறுக் கறுக்னு ஒரு சத்தம். திரும்பினா ஒரு பொண்ணு கேரட் கடிச்சுட்டு இருக்கா! எனக்கு பக்குனு ஆயிடுச்சு, போச்சு, பேப்பரைப் புடுங்கப் போறாங்கன்னு. மேற்பார்வைக்கு வந்த பாட்டி (இந்த வேலைக்கு இங்க ரிட்டயர் ஆனவங்கதான் நிறைய வர்றாங்க) அவ ஐடி கார்டை மட்டும் பாத்துட்டு, முழிச்சுட்டு இருந்த என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போயிட்டாங்க.

ஸ்வீடன்ல, உப்சாலா யுனிவர்சிட்டில என் முதல் எக்ஸாம் அது. ஜனவரி மாசம், காலைல எட்டு மணிக்கும் வெளிய கும்மிருட்டு. அஞ்சு மணி நேரப் பேப்பர், அதனால சாப்பிட்டுக்கிட்டே எழுதலாமாம். சுத்தி எல்லாரும் வாழைப்பழம், சீஸ் வச்ச ரொட்டி, ஃப்ளாஸ்க்ல காபின்னு ஜமாய்க்க, நான் மட்டும் ரெண்டு பேனா, ஒரு ஸ்கேல், நெத்தில திருநீறு. நம்மூர்ல ஸ்குவாட் வருதுன்னு சொன்னாலே பிட்டு வைக்காதவனுக்கும் வேர்க்கும், தண்ணி பாட்டில் லேபிளைக்கூட கிழிச்சுட்டுத்தான் உள்ள போவோம்.

ரிசல்ட் வந்துச்சு. 'யூ'. உந்தர்ஷெண்ட், அதாவது ஃபெயில். பி.இ. நாலு வருஷத்துல ஒரு அரியர்கூட வைக்காதவன் நான்.

ப்ரொஃபசருக்கு மெயில் போடணும், 'டியர் சார்'னு அடிச்சு மூணு தடவை அழிச்சேன். இங்க சார், மேடம் எதுவும் கிடையாது, 1960கள் கடைசிலயே மரியாதைப் பேச்செல்லாம் விட்டுட்டு எல்லாரும் எல்லாரையும் 'து', அதான் நம்ம 'நீ', அப்படித்தான் கூப்பிடறாங்க. அப்பா வயசு மனுஷனைப் பேர் சொல்லி எழுத எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. அவர் பதில் ரெண்டே வரி: ஏப்ரல்ல ஓம்தென்டா இருக்கு, மறுபடி எழுது. அவ்ளோதான். ஏதோ நான் பஸ்ஸை விட்டுட்ட மாதிரி, அடுத்த பஸ் வரும் நில்லுங்கற மாதிரி. அதுக்குத் தனியா எக்ஸாம் ஃபீஸும் இல்ல.

கேட்க சுகமாத்தான் இருந்துச்சு. ஆனா கேரட் பொண்ணுக்குப் படிப்பே ஃப்ரீ. 2011லேர்ந்து ஐரோப்பிய யூனியன் வட்டாரத்துக்கு வெளிய இருந்து வர்ற எங்களை மாதிரி ஆளுங்கதான் ஃபீஸ் கட்டணும், எனக்கு பேங்க் லோன் ஓடுது, விசா நீட்டிக்கணும்னா எத்தனை கிரெடிட் முடிச்சேன்னும் பாப்பாங்க. அவளுக்கு அது அடுத்த பஸ், எனக்கு மீட்டர் ஓடற ஆட்டோ.

ஏப்ரல்ல நானும் டப்பால புளிசாதம் கட்டிட்டுப் போனேன். இப்ப நானும் இந்த ஊர்க்காரன்தான்னு ஒரு கெத்து. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய், பெருங்காயம், காஞ்ச மிளகா எல்லாம் சேர்ந்து ஹாலையே ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. மூணாவது கேள்வி அப்படியே நின்னுபோச்சு, கொஞ்ச நேரம் நான் பழனி போற டூரிஸ்ட் பஸ்ல, இலைல சாதம் வச்சு நீட்டற அம்மா பக்கத்துல இருந்தேன்.

சாயங்காலம் அம்மா போன். "என்னடா, அரியரா எழுதுன?"

"அரியர் இல்லம்மா, ஓம்தென்டா."

அது ஏதோ பெரிய எக்ஸாம்னு நெனச்சு சித்தி வரைக்கும் சொல்லிட்டாங்க.