வரிக்கு முன்னால் ஒரு ழ

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஒழுங்குபடுத்த வேண்டிய மாடித்தோட்டக் கையேடு ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதி, அவரவர் கம்ப்யூட்டரில் தட்டி, கடைசியில் யாரோ எல்லாவற்றையும் ஒரே வேர்டு ஃபைலில் கொட்டியிருக்கிறார்கள். மேட்டர் நன்றாகவே இருக்கிறது. புல்லட் போட்ட பட்டியல்கள்தான் கண்ணைக் குத்துகின்றன. ஒரு பக்கத்தில் கறுப்புப் பொட்டு, அடுத்ததில் சிறு கோடு, அதற்கடுத்து நட்சத்திரம். இடது ஓரமோ பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். மறைந்திருந்த குறிகளெல்லாம் வெளியே வந்தன. இடைவெளிக்குச் சின்னப் புள்ளி, டேப்புக்கு அம்பு, பத்தி முடிவில் பத்திக்குறி. இவற்றைப் பார்க்காமல் புல்லட்டைத் திருத்த உட்காருவது வெட்டி வேலை.

“எது நிஜ புல்லட், எது டைப் அடிச்சதுன்னு எப்படிக்கா தெரியும்?” என்று கேட்டான் கூட வேலை பார்க்கும் தம்பி. புள்ளியின் மேல் ஒரு கிளிக் செய்யச் சொன்னேன். அதே நிலையில் இருக்கும் எல்லாப் புள்ளிகளும் சேர்ந்து சாம்பல் நிறமானால் அது வேர்டு போட்டது. புள்ளிக்கு முன்னால் கர்சர் போய் நின்றால், அழிக்கவும் முடிந்தால், அது வெறும் எழுத்து. அதைப் பட்டியல் என்று வேர்டுக்குத் தெரியவே தெரியாது. இந்த ஃபைலில் பாதிக்கு மேல் இரண்டாவது ரகம்.

மார்ச் 5, புதன்

மண்புழு உரம் பற்றிய அத்தியாயம் பாமினியில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. மாற்றி மென்பொருளில் போட்டு, எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றியதும் துணைக்குறிப்புகள் இப்படி வந்து நின்றன: “ழ தொட்டியின் அடியில் தென்னை நார்”, “ழ அதன்மேல் மக்கிய சாணம்”. வரிக்கு வரி முன்னால் ஒரு ழ.

மாற்றியில் கோளாறு என்றுதான் தம்பி நினைத்தான். அதில் ஒரு கோளாறும் இல்லை. வேர்டு பட்டியலின் இரண்டாம் நிலைக்கு வழக்கமாக வரும் வெற்று வட்டம் உண்மையில் கூரியர் நியூ எழுத்துருவில் உள்ள ஆங்கிலச் சிறிய ஓ (o). பட்டியலை நகலெடுத்து ‘எழுத்து மட்டும்’ என்று ஒட்டினால் புல்லட் புல்லட்டாக வராது. ஓ என்ற எழுத்தும் ஒரு டேப்பும்தான் வந்து விழும். ஒட்டிய இடத்தில் பாமினி இருந்திருக்கிறது. பாமினியில் அந்த ஓ விசைக்கு உரிய எழுத்து ழ. மாற்றி தனக்குக் கொடுத்ததை ஒழுங்காக மாற்றியிருக்கிறது.

அத்தியாயத்தை அடித்தவர் திரையிலும் ழ தெரிந்திருக்கும். ஏதோ டிசைன் என்று விட்டிருப்பாரோ?

ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. ஆகவே பத்தியின் தொடக்கத்தில் நிற்கும் ழ அத்தனையும் பழைய புல்லட்டுகள்தான், சந்தேகமே வேண்டாம். வேறு எந்த எழுத்தாக வந்திருந்தாலும் ஒவ்வொன்றையும் படித்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் தேட வேண்டியது ழவும் அதையடுத்த டேப்பும். மாற்றும் பெட்டியில் எதுவும் எழுதாமல், ஃபார்மேட் வழியாக ‘லிஸ்ட் புல்லட் 2’ ஸ்டைலை, அதாவது இரண்டாம் நிலைப் பட்டியலுக்கு வேர்டில் உள்ள வடிவத் தொகுப்பை, மட்டும் கொடுத்தேன். பெட்டி காலியாக இருந்து ஸ்டைல் மட்டும் கொடுத்திருந்தால் வேர்டு எழுத்தை அழிக்காது, பத்திக்கு ஸ்டைலை மட்டும் ஏற்றும். அப்புறம் ‘நோ ஃபார்மேட்டிங்’ அழுத்திவிட்டு அதே தேடலை மறுபடி ஓட்டினால் ழவும் டேப்பும் போய்விடும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலிலேயே ழவை அழித்துவிட்டால் எது துணைக்குறிப்பு, எது சாதாரணப் பத்தி என்று அடையாளமே இருக்காது.

மார்ச் 6, வியாழன்

பூச்சிவிரட்டிப் பட்டியலில் மூன்றாவது புள்ளி மட்டும் சிவப்பாக, கொழுத்துத் தெரிந்தது. எதிரே இருக்கும் எழுத்து கறுப்பில், சாதாரணமாகத்தான் இருக்கிறது. யாரோ அந்த வரியைச் சிவப்பில் தடித்த எழுத்தாக்கிவிட்டு, பிறகு எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பழையபடி ஆக்கியிருக்க வேண்டும். வரிக் கடைசியில் இருக்கும் பத்திக்குறி சிவப்பாகவே நின்றுவிட்டது. புல்லட் தன் நிறத்தையும் தடிமனையும் அந்தக் குறியிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. குறியை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலும் ஸ்பேஸ்பாரும். சரியாகிவிட்டது.

புல்லட்டையே கிளிக் செய்து நிறம் மாற்றலாமே என்றால், மாற்றலாம். பட்டியல் முழுக்க நிறம் மாறும், கோளாறும் உள்ளேயே இருக்கும்.

மார்ச் 8, சனி

இன்று இடைவெளிப் பஞ்சாயத்து. கையேட்டை எங்களிடம் கொடுத்தவர்கள் குறிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும் என்கிறார்கள். தம்பி பத்திக்குப் பின் 6 பாயின்ட் கொடுத்தான், ஒன்றும் நகரவில்லை. 12 கொடுத்தான், அப்போதும் இல்லை. கடுப்பில் ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் ஒரு என்டர் தட்டப் போனவனைத் தடுத்தேன்.

புல்லட் பொத்தானை அழுத்தியதும் பத்திக்கு ‘லிஸ்ட் பாராகிராஃப்’ ஸ்டைல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரே ஸ்டைல் உள்ள பத்திகளுக்கு நடுவே இடம் விடாதே என்று அதில் ஒரு டிக் இருக்கிறது. பாராகிராஃப் பெட்டியில், இடைவெளி எண்களுக்குக் கீழேயே. அந்த டிக் இருக்கும்வரை எத்தனை பாயின்ட் கொடுத்தாலும் பயனில்லை. ‘லிஸ்ட் புல்லட்’ ஸ்டைலிலும் அதே டிக்தான். ஸ்டைலுக்குள் போய் அதை எடுத்ததும் கையேடு முழுக்கக் குறிப்புகள் விலகி நின்றன.

ஓரத்தையும் இன்றே முடித்தேன். ரூலரைப் பிடித்து இழுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இழுத்த பத்திக்கு மட்டும் தனிக் கணக்கு எழுதிவைத்துவிடும். புள்ளியின் மேல் வலது கிளிக் செய்தால் ‘அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ்’ வரும். புள்ளிக்கு 0.63 செ.மீ., எழுத்துக்கு 1.27 செ.மீ. என்று கொடுத்தேன். அப்படியும் அடங்காத பத்திகளில் கன்ட்ரோல், க்யூ. முன்னால் இழுத்ததெல்லாம் கலைந்து ஸ்டைலின் அளவுக்குத் திரும்பும்.

மார்ச் 10, திங்கள்

“ஒரு பக்கம்தான் மேடம், சின்ன சேர்க்கை” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் கையேட்டைக் கொடுத்த சார். வரிக்கு முன் கோடு, தடித்த எழுத்து வேண்டிய சொல்லுக்கு இரு பக்கமும் நட்சத்திரம். ‘எழுத்து மட்டும்’ என்றே ஒட்டினேன். அந்த ஒரு பக்கத்தோடு வேறொரு ஸ்டைல் கூட்டம் உள்ளே வந்தால் சனிக்கிழமை வேலை போச்சு.

நட்சத்திரத்தைத் தேடி அழிக்கும்போது ‘யூஸ் வைல்ட்கார்ட்ஸ்’ டிக் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டிக் இருந்தால் நட்சத்திரத்துக்கு ‘எதுவாக இருந்தாலும்’ என்று பொருள். மேட்டரையே துடைத்துவிடும்.

மார்ச் 12, புதன்

சாருக்குக் கறுப்புப் பொட்டு பிடிக்கவில்லையாம். தோட்டக் கையேடு அல்லவா, பச்சை டிக் வேண்டுமாம். போன வாரம் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இப்போது ‘லிஸ்ட் புல்லட்’ ஸ்டைலில் ஒரே இடத்தில் குறியையும் நிறத்தையும் மாற்றினேன், எல்லாப் பக்கமும் மாறிவிட்டது. எழுத்துகளுக்குப் பதில் குறிகளே இருக்கும் விங்டிங்ஸ் எழுத்துருவின் டிக்கை எடுக்கவில்லை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் டிக்குக்குப் பதில் வேறெதுவோ தெரியும். யூனிகோடில் உள்ள டிக்கையே போட்டு, எழுத்துருக்களைப் பதித்து பிடிஎஃப் எடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது: டிக் சூப்பராம், அட்டைப் படத்தில் தக்காளிக்குப் பதில் கத்திரிக்காய் போட முடியுமா என்று கேட்கிறார்.