கதிரையின் அடியில் ஒரு புள்ளி

மட்டக்களப்பில் கலியாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் வாடகைக்கு வருகின்ற பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கவிழ்த்து, இருக்கையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால், நறுக்கிவிட்டது போன்ற சிறு புள்ளி ஒன்று பெரும்பாலும் விரலில் தட்டுப்படும். இருநூறு பாகைக்கு மேல் சூடாக்கி உருக்கிய பொலிபுரொப்பிலீன், பெரும் அழுத்தத்துடன் உருக்கு அச்சுக்குள் நுழைந்த வாசல் அது. கை, கால், முதுகு எல்லாம் ஒரே பாய்ச்சலில் நிரம்பி, குளிர்ந்து இறுகியதும் அச்சு திறக்கிறது.

அந்த இயந்திரத்துக்குள் கொட்டப்படுவது அரிசியளவிலான குறுமணிகளே. 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து மேற்குக் கரையில் குவியலாக ஒதுங்கியவை இத்தகைய மணிகள்தாம். அவை கப்பலிலேயே வந்தாக வேண்டும். ஏனெனில் மணிகளை உருக்கி வார்க்கும் தொழிற்சாலைகள் நம் நாட்டில் பல இருந்தாலும், அவற்றை எண்ணெயிலிருந்து ஆக்கும் தொழிற்சாலை இல்லை. 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மசகு எண்ணெயிலிருந்து நாப்தா என்ற இலகு எண்ணெய் பிரிகிறது. ஆனால் அது களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் எரிபொருளாகவே பயன்பட்டு வந்திருக்கிறது.

வேறு நாடுகளில் அதே நாப்தாவை நீராவியுடன் கலந்து, 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலைக்குழாய்களின் வழியே ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் ஓடவிட்டு, அதன் மூலக்கூறுகளை எத்திலீன், புரொப்பிலீன் போன்ற சிறு மூலக்கூறுகளாக உடைத்து, உடனே குளிர்விக்கிறார்கள். சற்றுத் தாமதித்தாலும் விளைபொருள்கள் கரியாகத் தொடங்கிவிடும். உடைப்பதைவிட, உடைந்தவற்றைப் பிரிப்பதே எனக்கு அதிக வியப்பைத் தருகிறது. எத்திலீனின் கொதிநிலை மறை 104 பாகை என்பதால், உலையின் தணலில் பிறந்த வாயுவை அழுத்தி, கடுங்குளிரில் திரவமாக்கிக் காய்ச்சி வடிக்க வேண்டியிருக்கிறது.

எத்திலீன் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலியாகக் கோத்துப் பொலித்தீனாக்கும் வழி 1933இல் இங்கிலாந்தில், மிகையழுத்தப் பரிசோதனை ஒன்றில் எதிர்பாராமல் கிடைத்தது. 1953இல் ஜேர்மனியின் கார்ல் சீக்லர் கண்ட ஊக்கி (தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்), அதையே தாழ்ந்த அழுத்தத்தில் செய்ய வைத்தது. அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நாத்தா அவ்வகை ஊக்கியைப் புரொப்பிலீனில் பயன்படுத்தினார். கிடைத்த பொலிபுரொப்பிலீன் சங்கிலியிலிருந்து கிளைத்து நிற்கும் மெதைல் கூட்டங்கள் என்ற சிறு அணுத்தொகுதிகள் யாவும் ஒரே பக்கமாக அமைந்தன. அவை தாறுமாறாக அமைந்திருந்தால் பிசுபிசுத்த பசைதான் மிஞ்சியிருக்கும்; அதில் எவரும் உட்கார முடியாது.

வேறு பொருள்களுக்கு வேறு வடுக்கள். எண்ணெய்க் கானின் அடியில் குறுக்கே ஓடும் கோடு, உருகிய குழாயை அச்சு கௌவி மூட, உள்ளே காற்று ஊதியதன் அடையாளம். கூரைக்கு மேலே நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியில் அந்தப் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. அச்சுக்குள் பொலித்தீன் தூளை இட்டு, அதை அடுப்பில் ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் மெதுவாகச் சுழற்றுகிறார்கள்; அப்பச்சட்டியைச் சுழற்றும்போது மா சுவரில் படிவதைப் போலத் தூள் உருகி உட்புறமெங்கும் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பு நிறம் அழகுக்கானதன்று. கலந்திருக்கும் கரித்தூள் நம் ஊர் வெயிலின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுக்கிறது. அத்தகைய காப்பு போதாத மலிவுக் கதிரைகள் வெயிலில் கிடந்தால் வெளிறி, ஒருநாள் காலொடிந்துவிடும்.

முக்கோணத்துக்குள் 2 என்ற இலக்கம் பொறித்த கானையும் வாளியையும் ஒன்றாக அரைத்து உருக்கலாம் என்று பழைய சாமான் சேர்ப்பவர்கள் நினைப்பது இயல்பு. இரண்டும் அடர்ந்த பொலித்தீனே. ஆனால் ஊதும்வரை தொய்யாமல் தொங்கவேண்டிய கானுக்கு நீண்ட சங்கிலிகளும், மெல்லிய அச்சிடைவெளிக்குள் விரைந்து பாயவேண்டிய வாளிக்குக் குறுகிய சங்கிலிகளும் தெரிவுசெய்யப்படுகின்றன. கலந்து உருக்கிய குழம்பு கானுக்கு மிக இளக்கமாகவும் வாளிக்கு மிகத் தடிப்பாகவும் இருந்துவிடக்கூடும்.