‘வா’ன்னா குளியல்: பொரியோடு பத்து வாரம்

பொரி எங்கள் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி. வெள்ளை உடம்பில் பழுப்புப் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். வந்தபோது இரண்டு மாதம். இதற்கு முன் நான் வளர்த்தது மீன் மட்டும்தான். மீனை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

வாரம் 1, 2

முழுக்க மூத்திரம். "மூக்கைப் புடிச்சு அதுல தேச்சு விடுடா, தன்னால திருந்தும்" என்றார் அப்பா. ஒரு தடவை செய்தேன். மறுநாள் தரை காய்ந்தே இருந்தது, ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து நாற்றம். இவன் பார்க்கும்போது போகக் கூடாது என்பதைத்தான் அவள் படித்திருக்கிறாள். மாடியிலிருந்து கீழே வேப்ப மரத்தடிக்குத் தூக்கிப் போனாலும் என் முகத்தைப் பார்த்தபடி அடக்கிக்கொண்டு நின்றாள்.

அதைச் சரிக்கட்ட எட்டு நாள். தூங்கி எழுந்ததும், தின்று பத்து நிமிடத்தில், ஆடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடுவேன். போனால் அங்கேயே ஒரு துண்டு அவித்த கோழி. ராத்திரி 2 மணிக்கும் ஒரு நடை. பினாயில் போட்டுத் துடைத்த மூலைக்கே திரும்பத் திரும்பப் போனாள். நமக்குப் போன வாடை அவள் மூக்குக்குப் போகவில்லை. நாய்ச் சாமான் கடையில் விற்கும் என்சைம் திரவத்தால் துடைத்த பிறகுதான் அந்த மூலையை விட்டாள்.

வாரம் 3

‘உக்காரு’. புளியங்கொட்டை அளவு கோழித் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேல் பின்னால் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அதே நொடியில் கொடுக்க வேண்டும். முதல் நாள் கையை ரொம்ப உயரத்தில் பிடித்துத் தொலைத்தேன், குதிக்கக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டுக்கு முன் இரண்டே நிமிடம், நாலு நாளில் வந்துவிட்டது. அம்மா மட்டும் இன்னும் ‘சிட்’ என்கிறாள். அதற்கும் உட்காருகிறது, அம்மா கையில் எப்போதும் ஏதாவது இருக்கும் என்பதால்.

தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஆட்டோ, ஹாரன், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் குட்டியாக இருக்கும்போதே பழகிவிட்டால் பின்னால் மிரளாது. தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எதிர் டீக்கடைக்காரர், "புள்ளைக்கு எங்க சார் அட்மிஷன்?" என்றார்.

வாரம் 6

இங்கேதான் சறுக்கல். ‘பொரி, வா’ என்றால் அதுவரை பாய்ந்து வருவாள். அந்த வாரம் உண்ணி. கூப்பிடுவேன், வருவாள், பிடித்து வைத்துக் காதுக்குள் உண்ணி பிடுங்குவேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக் குளிப்பாட்டினேன். ஒரே வாரம்தான். புதன்கிழமை ‘வா’ என்றதும் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். நான் சத்தமாக ‘வா’ என்றேன். இன்னும் உள்ளே போனாள். அவள் அகராதியில் ‘வா’ன்னா குளியல்.

வாரம் 7 முதல் 10

கெட்டுப்போன சொல்லைத் தேற்றுவதைவிடப் புதுச் சொல் சுலபம் என்று ‘ஓடியா’வுக்கு மாறினேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டளை: ‘ஓடியா’ சொன்னால் கோழி உண்டு, குளியல் கிடையாது. வீட்டு நடையின் இரு முனையில் நானும் தம்பியும் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம். பிறகு மொட்டை மாடியில், மார்புப் பட்டையில் 15 அடி துணிக்கயிறு கட்டி. கயிற்றை இழுக்கவே கூடாது, அது ஓடிப்போகாமல் இருக்க மட்டும். வராவிட்டால் நான் எதிர்ப்பக்கம் ஓடுவேன், துரத்திக்கொண்டு வந்துவிடுவாள்.

நடுவில் பாயில் அரிசி மாதிரி ஒன்று கிடந்தது, முதல் பால்பல். நாலு மாதம் ஆகிவிட்டது. நனைத்து ஃப்ரீசரில் வைத்த துணியைக் கொடுத்ததில் என் செருப்பு பிழைத்தது.

இன்றைய நோட்டுக் கணக்கு: மாடியில் பத்துக்கு ஒன்பது. தெருவில், கயிற்றோடு, பத்துக்கு ஆறு. அணில் இருந்தால் பத்துக்கு இரண்டு, அதில் ஒன்று அணில் மரமேறிய பிறகு.

நாளை ஞாயிறு. பக்கெட் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நான் கூப்பிடப் போவதில்லை. தவழ்ந்து போய்த் தூக்கி வர வேண்டும்.